கூரையைத் தொடாத சுவர்

பன்னிரண்டாம் நம்பர் வீட்டை இரண்டாகப் பிரித்தபோது அண்ணனும் தம்பியும் தாங்களே சுவர் எழுப்பினார்கள். தாங்களே எழுப்பினால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது. ஆள் உயரத்துக்கு மேல் ஒரு சாண் போனதும் செங்கல் தீர்ந்துவிட்டது. கோபமும் அதோடு கொஞ்சம் தீர்ந்திருக்க வேண்டும், யாரும் மேற்கொண்டு செங்கல் தேடவில்லை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு குழந்தை படுத்துத் தூங்குகிற அளவுக்கு இடைவெளி. இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாதே தவிர, ஒரு பேச்சு விடாமல் கேட்கலாம். தெருவுக்கு இதில் பரம சந்தோஷம்.

சண்டைக்குக் காரணம் ஒரு கம்பளிப் போர்வை. மாமியார் கண்ணை மூடியபோது அந்த வீட்டில் உருப்படியாக இருந்த பொருள் அது ஒன்றுதான். மருமகள்களோ இரண்டு பேர். மூத்தவள் தையல்காரி. எதைப் பார்த்தாலும் எங்கே வெட்டலாம் என்று யோசிக்கிற கை. "பாதியா வெட்டிடுவோம்" என்றாள். "செத்தவங்க போர்வையில கத்திரிக்கோல் வைக்கிறவ, நாளைக்கு என் கழுத்துல வைக்க மாட்டாளா?" என்றாள் இளையவள். அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். போர்வையைப் பூச்சி அரித்துத் தின்றுவிட்டது. சண்டையை அரிக்கப் பூச்சிக்கும் பல் இல்லை.

அண்ணன் தம்பி இருவருக்கும் உருளைக்கிழங்குக் கிடங்கில் மூட்டை தூக்குகிற வேலை. கிடங்கில் ஒரு மூட்டைக்கு இரண்டு ஆள். இருவரும் ஒரே உயரம் என்பதால் மேஸ்திரி அவர்களையே ஜோடி சேர்த்துவிட்டார். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரே மூட்டையின் இரண்டு காதுகளைப் பிடித்துக்கொண்டு, பெண்டாட்டிகளுக்குப் பயந்து ஒரு வார்த்தை பேசாமல், அடி பிசகாமல் நடப்பார்கள். அதைப் பார்க்கவே சிலர் டீக்கடை பெஞ்சைக் கிடங்கு வாசல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டது உண்டு.

இதற்கெல்லாம் சிகரம் என்னவென்றால், இருவரும் தங்கள் மூத்த பெண்ணுக்கு அம்மா பெயரையே வைத்திருந்தார்கள். விட்டுக்கொடுப்பார்களா? ஒரே வயசு, ஒரே வகுப்பு, ஒரே பெயர், ஒரே கதவு எண். டீச்சர் ஒரு பெயரைக் கூப்பிட்டால் இரண்டு தலை நிமிரும். தெருதான் புண்ணியம் கட்டிக்கொண்டது. தையல்காரியின் மகள் ஓர் இடத்தில் நிற்க மாட்டாள், வாயும் நிற்காது, அவள் பம்பரம். இளையவளின் மகள் வந்தது தெரியாது, போனது தெரியாது, அவள் பூனை.

பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் இருக்கும்போதுதான் ஒரு தொண்டு நிறுவனத்துக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் பேனர் கட்டவில்லை, போட்டோ எடுக்கவில்லை. வகுப்பில் பின்பெஞ்சில் உட்கார்ந்து வாரக்கணக்கில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். யாரைப் பற்றி அதிகம் கவலையாக இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்கு ஒரு துணையாள் போடுவார்களாம். வாராவாரம் வருவாளாம். பள்ளிக்கூடம் முடிக்கும்வரை அதே ஆளாம்.

"வந்து என்ன தருவீங்க?" என்று டீக்கடைக்காரர் நேராகவே கேட்டார்.

"ஒண்ணும் தரமாட்டோம். வருவோம்."

"அதுக்கு எதுக்கும்மா வரணும்?" என்றார் அவர். தெருவே தலையாட்டியது.

அவர்கள் தேர்ந்தெடுத்தது பூனையை. வாயே திறக்காமல், பென்சிலைக்கூட அடுத்தவரிடம் கேட்காமல் உட்கார்ந்திருந்த பிள்ளையை. பள்ளிக்கூட ஆயா மத்தியானத்துக்குள் இதை ஊர் முழுக்க ஒலிபரப்பிவிட்டாள். ஆக, யாருக்குத் துணையாள் வரப்போகிறாள் என்பது ஊருக்கே தெரியும். தெரியாத ஒரே ஆள், புதிதாக வேலைக்குச் சேர்ந்து ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லொடலொட ஸ்கூட்டரில் வந்து இறங்கிய அந்தத் துணையாள்தான்.

"பன்னெண்டாம் நம்பர் எது?"

கோலி விளையாடிய பையன்கள் கை காட்டினார்கள். கை காட்டிய பக்கம் கிழக்கு வாசல். அதாவது தையல்காரி வாசல்.

மேற்கு வாசலில் இளையவள் மகளுக்குத் தலைவாரி, இருந்ததில் நல்ல சட்டையைப் போட்டுவிட்டு, கதவைப் பாதி திறந்துவைத்துக் காத்திருந்தாள். அது தையல்காரிக்குத் தெரியும். சுவருக்கு மேலே சீப்புச் சத்தம்கூடக் கேட்டதே. ஆனால் வாசலில் அந்தப் பெண் நின்று, பெயரைச் சொல்லி, "உங்க பொண்ணுக்காக வந்திருக்கேன்" என்றபோது, பம்பரம் பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். பெயர் சரி. நம்பர் சரி. தையல்காரி ஒரே ஒரு மூச்சு யோசித்தாள். ஒரு மூச்சில் எத்தனை நியாயம் சொல்லிக்கொள்ள முடியுமோ அத்தனையும் சொல்லிக்கொண்டாள்.

"உள்ள வாங்க" என்றாள்.

அந்தப் பக்கம் கதவு சாத்தப்பட்டது. இளையவள் தெருவில் இறங்கி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொன்னால் அவள் இளையவள் இல்லையே! "அங்க போன காலு எனக்கு வேணாம்" என்று கோழிக்குச் சொன்னாள். கோழி இந்தப் பக்கம் வந்து சொல்ல வேண்டிய அவசியமே இல்லாமல் தையல்காரிக்குக் கேட்டது.

இப்படித்தான் ஆரம்பித்தது. ஆள் மாறியதை அவளிடம் சொல்லி வேடிக்கையைக் கெடுக்கத் தெருவில் யாருக்கும் மனசில்லை, டீச்சருக்கோ இரண்டில் எது எந்த வீடு என்பதே குழப்பம். தெரு அந்தத் துணையாளுக்குச் செவ்வாய்க்கிழமை என்றே பெயர் வைத்தது. எப்போது ஓடிப்போவாள் என்று டீக்கடையில் பந்தயம் நடந்தது. மழைக்காலம் வந்தால் நின்றுவிடுவாள் என்றார்கள். சேறு தெறிக்க வந்தாள். கல்யாணம் ஆனால் நின்றுவிடுவாள் என்றார்கள். கல்யாணம் ஆகி வந்தாள். பிள்ளை பெற்றால் பார்ப்போம் என்றார்கள். கொஞ்ச நாள் விட்டு, கைக்குழந்தையைத் தையல்காரியின் துணிக்குவியலில் தூங்கவைத்துவிட்டுப் பம்பரத்தோடு உட்கார்ந்தாள். பந்தயத்தில் தோற்றவர்கள் அவளைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

அவள் அப்படி என்னதான் செய்தாள்? சேர்ந்து படித்தாள், சேர்ந்து நடந்தாள், டீச்சரைப் போய்ப் பார்த்தாள். பம்பரம் எச்சில் தொட்டுச் சிலேட்டு அழிப்பதிலிருந்து யார் பல்லை உடைத்தாள் என்பது வரை அவளுக்குத் தெரியும். பெற்றவளுக்கே இவ்வளவு தெரியுமா என்று தையல்காரிக்குச் சில சமயம் வயிற்றெரிச்சலாக இருக்கும். அதைவிடப் பெரிய எரிச்சல் ஒன்று உள்ளே இருந்தது. இந்தச் செவ்வாய்க்கிழமை நம்முடையது அல்ல. என்றைக்காவது யாராவது வந்து, "இது உங்களுது இல்லையே" என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவார்கள். ஸ்கூட்டர் சத்தம் கேட்கும்போதெல்லாம் சந்தோஷமும் பயமும் ஒன்றாக வந்து அவள் ஊசியில் நூல் ஏறாது.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை கிளம்பிப் போனதும் பம்பரம் சுவரோரம் போய் உட்கார்ந்து, அன்றைக்குப் படித்ததையெல்லாம் சத்தமாக ஒப்பிப்பாள். யாருக்கு ஒப்பிக்கிறாள் என்று இவள் கேட்டதில்லை. அந்தப் பக்கம் தரையில் சாக்பீஸ் கீறுகிற சத்தம் எதற்கு என்று இளையவளும் கேட்டதில்லை. இந்த விஷயத்தில் மட்டும் ஓரகத்திகள் இருவரும் அப்படி ஓர் ஒற்றுமை.

ஐந்தாம் வகுப்பில் குட்டு உடைந்தது.

அன்றைக்குப் பின்னக் கணக்கு. முக்காலையும் அரையையும் கூட்டினால் என்ன என்று செவ்வாய்க்கிழமை கேட்டாள். பம்பரம் விட்டத்தைப் பார்த்தாள், விரலைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். தையல்காரி அவசரமாக ஒரு காஜாவைப் பார்த்தாள்.

"ஒண்ணேகால்" என்றது சுவர்.

செவ்வாய்க்கிழமை நிமிர்ந்தாள். "யாரு அது?"

"எலி" என்றாள் தையல்காரி.

"எலியா?"

"இங்க எலித் தொல்லை ஜாஸ்திங்க."

"பின்னக் கணக்குப் போடுற எலியா?"

அவள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறிச் சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். கீழே ஒரு பெண் குழந்தை முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தது. தரை முழுக்கச் சாக்பீஸ் கணக்கு. இத்தனை வருஷமாக இந்தப் பக்கம் அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் அந்தப் பக்கம் விடை எழுதி அழித்து, அழித்த இடத்தில் எழுதி, சிமெண்டே வெளுத்துப்போயிருந்தது.

"உன் பேரென்ன கண்ணு?"

குழந்தை பெயரைச் சொன்னது. செவ்வாய்க்கிழமை முக்காலியிலிருந்து மெதுவாக இறங்கினாள்.

"பன்னெண்டாம் நம்பர்ல ரெண்டு வீடா?"

"ஒரு வீடுதான். ரெண்டா ஆயிடுச்சு."

"அக்கா, ஒண்ணு கேக்குறேன். வகுப்புல வாயே திறக்காம உக்காந்திருந்த பிள்ளை எது?"

தையல் மெஷின் நின்றது. பம்பரத்தைக் காட்டி "இதுதான்" என்றால் நம்புவதற்கு உலகத்தில் ஒருவரும் கிடையாது என்பது ஒரு பக்கம். ஆனால் தையல்காரி உண்மையைச் சொன்னது அதற்காக இல்லை. வெளுத்துப்போன அந்தத் தரையை அவளும் ஒருநாள் துணி உலர்த்துகிற சாக்கில் எட்டிப் பார்த்திருந்தாள்.

"அதுதான்" என்று சுவரைக் காட்டினாள். "முதல் நாளே எனக்குத் தெரியும்."

அடுத்த வாரம் பள்ளிக்கூட வகுப்பறையில் பஞ்சாயத்து. நிறுவனத்து ஆபீஸ் அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். ஓரகத்திகள் இருவரும் குழந்தைகள் பெஞ்சில் முழங்கால் மோவாயை இடிக்க, ஆளுக்கு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். ஜன்னலில் தெருவின் பாதி மூக்குகள்.

"நாங்க எடுத்தது அந்தப் பிள்ளையை. எங்க துணையாள் கையில இருக்கிற பிள்ளைங்களுக்கே நேரம் சரியாப் போகுது. இன்னொண்ணு சேர்க்க முடியாது. மாத்தித்தான் ஆகணும்" என்றார் ஆபீஸ் அம்மா.

"அந்தப் பிள்ளைக்கு வந்தது, அந்தப் பிள்ளைக்கே போகட்டும்னு சொல்லிடுங்கம்மா" என்றாள் தையல்காரி. "நான் எடுத்து வெச்சிருந்தேன். திருப்பிக் குடுக்கிறேன்."

"அடுத்தவ உடுத்திக் கழட்டினது எங்களுக்கு வேணாம்னு சொல்லிடுங்கம்மா" என்றாள் இளையவள்.

"கழட்டினது இல்லைன்னு சொல்லுங்க. பிடுங்கினாத்தான் வரும்னு சொல்லுங்க."

"பிடுங்கிக் குடுக்கச் சொல்லி யாரும் கெஞ்சலைன்னு சொல்லுங்க."

ஆபீஸ் அம்மா தபால்காரர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக் கழுத்து வலி வந்து, "யாராவது எனக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்களேன்" என்றார்.

அப்போதுதான் பூனை எழுந்து நின்றாள். பிறந்ததிலிருந்து கூட்டத்தில் பேசாத பிள்ளை எழுந்ததும் ஜன்னல் மூக்குகள் எல்லாம் கம்பிக்குள் வந்துவிட்டன.

"அவ எனக்குத் தப்புத் தப்பா சொல்லித் தருவா" என்று பம்பரத்தைக் காட்டினாள். "நான் இந்தப் பக்கத்துல இருந்து திருத்துவேன். அப்புறம்தான் ரெண்டு பேருக்கும் வரும். அவ இல்லாட்டி நான் எதைத் திருத்துறது?"

"நான் எப்ப தப்பா சொன்னேன்?" என்று எகிறினாள் பம்பரம்.

"போன வாரம். ஆறு மலையில முடியும்னு சொன்னே."

ஆபீஸ் அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். செவ்வாய்க்கிழமை அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் புகுந்தாள். "மேடம், நான் பூனை வீட்ல உக்காந்து பூனைக்குத்தான் சொல்லித் தருவேன். பக்கத்து வீட்ல யாருக்காவது கேட்டா நான் என்ன பண்றது? அந்தச் சுவர் கூரையைத் தொடலை."

"சுவரைப் பத்தி நம்ம விதியில ஒண்ணும் இல்லை" என்றார் ஆபீஸ் அம்மா.

இளையவள் வாயைத் திறந்தாள். மகள் முகத்தைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் அப்படி நடந்ததாக வேறு தகவல் இல்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை ஸ்கூட்டர் மேற்கு வாசலில் நின்றது. அந்தப் பக்கம் பாடம் தொடங்கியதும் தையல்காரி மெஷினின் மேல் துணியைப் போட்டு மூடினாள். மெஷின் ஓடினால் சுவருக்கு மேல் பாடம் கேட்காதே! அவசரச் சட்டைக்காக வந்து நின்ற டீக்கடைக்காரரை, "செவ்வாக்கிழமை சாயங்காலம் தைக்க மாட்டேன், போய்ட்டு நாளைக்கு வா" என்று விரட்டினாள்.

ஆனால் பூனைக்குச் சாத்தியமானது பம்பரத்துக்குச் சாத்தியமா? அவள் சுவரோரம் உட்கார்ந்து, "கேக்கலை! சத்தமா!" என்பாள். "என்னது? மறுபடியும் சொல்லுங்க!" என்பாள். ஒரு மணி நேரம் வீடு சந்தைக்கடையாக இருக்கும். மூட்டை தூக்கிவிட்டு வந்து முதுகைச் சாய்க்கிற இரண்டு தகப்பன்களுக்கும் காது கிழிந்தது.

ஒரு விடுமுறை நாள் காலையில் தம்பி எழுந்து, தன் பக்கம் சுவரில் ஒரு கல்லை அசைத்துப் பார்த்தான். அது அசைந்தது. தானே கட்டியதாயிற்றே, அசையாமல் இருக்குமா? அதே நேரம் அந்தப் பக்கம் அண்ணன் ஒரு கல்லை உருவினான். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பேசவில்லை. கதவு அகலத்துக்குச் சுவர் இறங்கியதும், ஒரு கூடையில் கல்லை நிரப்பி, ஆளுக்கு ஒரு காதைப் பிடித்துத் தூக்கி, அடி பிசகாமல் வெளியே கொண்டுபோய்க் கொட்டினார்கள். தெரு முழுக்க வேலையை விட்டுவிட்டு நின்று பார்த்தது. உள்ளே பம்பரமும் பூனையும் அந்த வழியில் போவதும் வருவதுமாக இருந்தார்கள், காரணமே இல்லாமல்.

ஓரகத்திகள் மட்டும் அந்த வழியை மதிக்கவில்லை. அது கதவு அல்ல, ஓட்டை என்பது இருவரின் ஏகமனதான கருத்து. கோழி வழியாகவே பேச்சுவார்த்தை தொடர்ந்தது.

எல்லாம் சுபமாக ஓடியது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? ஒன்பதாம் வகுப்பில் பம்பரத்துக்குப் படிப்பு கசந்தது. கிடங்கில் கிழங்கு பொறுக்கப் பெண் பிள்ளைகளை எடுத்தார்கள். இவள் பையை வீட்டில் போட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள். தையல்காரி அடித்தாள், அழுதாள், பட்டினி கிடந்தாள். ஒன்றும் ஆகவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தது. செவ்வாய்க்கிழமையும் பூனையும் கிடங்கு வாசலில் சாக்கு அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தார்கள்.

வேலை விட்டு வந்த பம்பரம் முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, "என்னக்கா, திட்ட வந்தீங்களா?" என்றாள்.

"செவ்வாக்கிழமைன்னா உங்க ரெண்டு பேரையும் பார்க்க வருவேன். நீ இங்க இருந்தே, இங்க வந்தேன்."

"உங்க பிள்ளை இவதானே? நான் பக்கத்து வீடுதானே?"

"ஆமா. பக்கத்து வீட்டுச் சத்தம் இல்லாம எனக்குப் பாடம் வரலை. அதான் சத்தத்தைத் தேடி வந்தோம்."

பூனை பம்பரத்தின் அழுக்குக் கையில் ஒரு சாக்பீஸை வைத்தாள். அன்றைய பாடம் கிடங்குத் தரையில் நடந்தது. அடுத்த வாரமும் அங்கேயே. அதற்கடுத்த வாரமும். மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு, "அம்மா தாயே, நீ பள்ளிக்கூடத்துக்கே போயிடு, என் கிடங்கைப் பள்ளிக்கூடம் ஆக்காதே" என்று பம்பரத்தைக் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவைத்தார்.

பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த நாள் வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கிழமை முதல்முறையாக வெள்ளிக்கிழமை வந்தாள். தன் மகனையும் கூட்டி வந்திருந்தாள். துணிக்குவியலில் தூங்கியவன் இப்போது பள்ளிப் பை மாட்டியிருந்தான். கிடங்குத் தெருவிலிருந்து பள்ளிக்கூடத்தை முடித்த பிள்ளை அதுவரை ஒருவரும் கிடையாது. பள்ளி மைதானத்தில் தெரு மொத்தமும் நின்றது. வெற்றியோ தோல்வியோ, பார்க்காமல் விட்டால் தூக்கம் வராதே.

தலைமையாசிரியை மைக்கைத் தட்டினார். "நம்ம பள்ளியில முதல் இடம்..." என்று பெயரைப் படித்தார்.

மைதானம் மூச்சை அடக்கியது. இரண்டு பெண்கள், ஒரே பெயர். எந்தப் பன்னிரண்டாம் நம்பர்? தையல்காரிக்கு, முதல் நாள் வாசலில் நின்ற அதே ஒரு மூச்சு மறுபடியும் வந்து நின்றது போல இருந்தது. இந்த முறை அவள் யோசிக்கவில்லை.

"பூனை! எங்க பூனைதான்!" என்று கத்தினாள். மெஷின் மிதித்த இத்தனை வருஷத்தில் அவள் அப்படிக் கத்தியதே இல்லை. பக்கத்தில் நின்றிருந்த இளையவள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"பொறுங்க, பொறுங்க. ஆமா, சின்னவர் பொண்ணுதான். இரண்டாவது இடம்..." என்று தலைமையாசிரியை மறுபடியும் அதே பெயரைப் படித்தார்.

"டீச்சரம்மா, அதைப் படிச்சாச்சு!" என்று டீக்கடைக்காரர் கூவினார்.

"படிச்சாச்சுன்னு எனக்கும் தெரியும்யா! ரெண்டு பேர் இருக்காங்க, ரெண்டு தடவை படிக்கிறேன்!"

அதற்கப்புறம் மைக் எதற்கு? விசிலும் கைத்தட்டலும் கிடங்குத் தகரக் கூரை வரை போய்த் திரும்பி வந்தது. பந்தயத்தில் தோற்றவர்கள்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்கள். முதலிலிருந்தே தங்களுக்குத் தெரியும் என்றும் சொல்லிக்கொண்டார்கள்.

தையல்காரி அழுது மூக்கைத் துடைக்க முந்தானையைத் தேடியபோது ஒரு கை அவள் தோளைப் பிடித்துத் திருப்பியது. இளையவள். கோழி அங்கே இல்லை.

"ஏன்க்கா, இப்படியா காதுக்குள்ள கத்துவே? எனக்குக் காதே போச்சு."

"போகட்டும்டி" என்றாள் தையல்காரி. "இத்தனை வருஷம் ஒட்டுக் கேட்ட காதுதானே."

இளையவளுக்குச் சிரிப்பு முந்தியதா அழுகை முந்தியதா என்று தெருவில் இன்றுவரை இரண்டு கட்சி.

பம்பரமும் பூனையும் செவ்வாய்க்கிழமையைப் பிடித்து இழுத்து நடுவில் உட்காரவைத்துக்கொண்டு ஒரு நீளப் பெஞ்சில் அமர்ந்திருந்தார்கள். "பக்கத்து வீடும் பாஸ்க்கா" என்றாள் பம்பரம். செவ்வாய்க்கிழமை பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பெஞ்சு தரையை விட்டுக் கிளம்பிவிட்டது. ஒரு முனையில் அண்ணன், ஒரு முனையில் தம்பி. மூன்று பேரும் அலறிக்கொண்டு ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள். கூட்டம் விலகி வழிவிட்டது. இருவரும் மூட்டை தூக்குகிற அதே நடையில், அடி பிசகாமல், பெஞ்சோடு மைதானத்தைச் சுற்றினார்கள்.

பாதிச் சுற்றில் தம்பி மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னான்:

"அண்ணே, உன் பக்கம் தாழுது. தூக்கு."

"முதல் மார்க்கு உன் பக்கம்தான்டா உக்காந்திருக்கு" என்றான் அண்ணன். "கனம் அங்கதான் இருக்கும். நீ தூக்கு!"